புது ரவுட்டர் வாங்கினால் கேமில் பிங் குறையுமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் 200 எம்பிபிஎஸ் இணைப்பு, நாலு வருடப் பழைய வைஃபை 5 ரவுட்டர். ஸ்பீடு டெஸ்ட் நன்றாகத்தான் காட்டுகிறது. ஆனால் ராத்திரி பையன் கேம் ஆடும்போது பிங் 40-லிருந்து 300-க்குத் தாவுகிறது. வைஃபை 7 கேமிங் ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார், பையனும் அடம்பிடிக்கிறான். வாங்கலாமா?"

இப்போதைக்கு வாங்காதீர்கள்.

வேகம் வேறு, பிங் வேறு. இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆன்லைன் கேம் ஆடும் நேரத்தில் அனுப்பி வாங்கும் டேட்டா மிகக் குறைவு, பெரும்பாலான கேமுக்கு ஒரு எம்பிபிஎஸ் கூட வேண்டாம். அந்தச் சின்னத் துணுக்கு சர்வருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பதுதான் பிங். ஃபைபரில் 1000 கிலோமீட்டர் போய்வர சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும், சர்வர் 3000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 30 அங்கேயே போய்விட்டது, உங்கள் வீட்டு மேசையில் எந்த ரவுட்டரை வைத்தாலும் அதைக் குறைக்க முடியாது. வேகத்துக்கும் உங்கள் பழைய ரவுட்டர் போதும். அதே அறையில் இருந்தால் வைஃபை 5-லேயே 300, 400 எம்பிபிஎஸ் வரும், நீங்கள் வாங்கியிருக்கும் இணைப்போ 200.

சரி, அப்படியானால் 300-க்குத் தாவுவது ஏன்? அதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. பையனிடம் சொல்லுங்கள், அவனுக்குத் தெரிந்திருக்கும்: கம்ப்யூட்டரில் கமாண்ட் விண்டோவைத் திறந்து ரவுட்டரின் முகவரிக்கு விடாமல் பிங் ஓட விடட்டும். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கேமில் லேக் வரும் அதே நொடியில் இங்கே என்ன எண் ஓடுகிறது என்று பாருங்கள். 3, 2, 180, 4, 250 என்று குதித்தால் கோளாறு உங்கள் வைஃபையில். 2, 3, 2, 4 என்று அமைதியாக ஓடினால் வைஃபை மேல் குற்றமே இல்லை.

வைஃபையில் கோளாறு என்றால் முதலில் ஒரு லான் கேபிள் போடுங்கள். சாதாரண கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் தாங்கும், ரவுட்டருக்கான பிங் ஒரு மில்லி செகண்டுக்கும் கீழே வந்துவிடும், எந்த வைஃபை 7-ம் இதற்கு ஈடு கிடையாது. கேபிள் இழுக்க வழியே இல்லை என்றால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை (பேண்ட்) விட்டு 5-க்கு மாறுங்கள், டிவிக்குப் பின்னால் இருக்கும் ரவுட்டரை வெளியே எடுத்து வையுங்கள்.

ரவுட்டர் பிங் அமைதியாக இருந்தும் கேம் தாவுகிறதா? ராத்திரி ஆடும்போது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் எனக்கு இந்தச் சந்தேகம். நண்பர் ஒருவர் வீட்டுக்கு இதே புகாருக்குப் போயிருந்தேன். எட்டு ஆன்டெனா வைத்த புது ரவுட்டரை அதற்குள் வாங்கிவிட்டார்கள். திரையில் 35, 36, 35 என்று ஓடிக்கொண்டிருந்த பிங் திடீரென்று 420 ஆனது. எழுந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தால், மகளின் போனை அப்போதுதான் சார்ஜில் போட்டிருந்தார்கள், அது அன்றைய போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் பேக்கப் ஏற்ற ஆரம்பித்திருந்தது. அப்லோட் குழாய் சின்னது. போட்டோக்கள் வரிசையாக நிற்கும்போது கேமின் துணுக்கு கடைசியில் போய் நிற்கிறது. பேக்கப்பை நிறுத்தினோம், அடுத்த நொடியே 35.

இதற்குப் பெயர் பஃபர்புளோட். இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் (SQM) என்ற வசதி உள்ள ரவுட்டரில் அதை இயக்கி, அப்லோட், டவுன்லோட் அளவை உண்மையில் வரும் வேகத்தில் 90 சதவீதமாக வைத்தால் அடங்கிவிடும். ஆனால் இணைப்பு தரும் நிறுவனங்கள் கொடுக்கும் ரவுட்டரில் பெரும்பாலும் இது இருக்காது, இருந்தாலும் பூட்டி வைத்திருப்பார்கள். போன் செய்தால் ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்பார்கள், மறுபடி செய்தால் பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார்கள். மாதாமாதம் காசு கட்டுபவனுக்குத் தன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க உரிமை இல்லை என்பது அநியாயம்.

அட்டைப்பெட்டியில் ஏஎக்ஸ் 5400 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். 574-ஐயும் 4804-ஐயும் கூட்டி முழு எண்ணாக்கிய கணக்கு அது, இரண்டு வெவ்வேறு பேண்டின் காகித வேகம். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் சேரும், அதிலும் சாதாரணமாக 1201-க்கு மேல் இணையாது, கைக்கு வருவது அதிலும் குறைவு. ரிப்பீட்டர் மாட்டினால் போதும் என்பவரிடமும் ஜாக்கிரதை. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும், தாமதத்தையும் கூட்டும். பிங் குறைக்கும் ஆப் என்று சந்தா கேட்பவர்கள் பக்கமே போகாதீர்கள்.

ரவுட்டரை மாற்றித்தான் ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஸ்பீடு டெஸ்ட் எப்போது எடுத்தாலும் 94, 95-லேயே நிற்கிறதா? 93.8, 94.2, 94.5 என்று, காலையிலும் ராத்திரியிலும், கேபிளிலும் வைஃபையிலும்? அப்படியென்றால் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் (கேபிள் செருகும் துளை) உட்கார்ந்திருக்கிறது. மலிவான பழைய ரவுட்டர்களில் வைஃபை வேகமாக இருக்கும், பின்னால் உள்ள போர்ட் மட்டும் 100-தான். ஆனால் அவசரப்படாதீர்கள், கேபிளாகவும் இருக்கலாம். உள்ளே எட்டுக் கம்பியில் ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதலில் மோடத்திலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் ரவுட்டரின் விவரத்தில் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளை மாற்றியும் 94, ரவுட்டரில் ஜிகாபிட் போர்ட்டும் இல்லை என்றால் வாங்குங்கள், வேகம் 200-க்கு வந்துவிடும். கேமில் பிங் அப்போதும் அதேதான். உங்களுக்கு டெஸ்ட் நன்றாகவே காட்டுகிறது என்கிறீர்கள், அது 94-ஆ 190-ஆ என்று சொல்லவில்லை.

இன்று ராத்திரி கேபிளைச் செருகி, வீட்டில் உள்ள எல்லாப் போனிலும் பேக்கப்பை நிறுத்திவிட்டுப் பையனை ஒரு மணி நேரம் ஆடவிடுங்கள். ரவுட்டர் பிங், கேம் பிங் இரண்டையும் குறித்து அனுப்புங்கள், அதுவரை கடைப்பக்கம் போக வேண்டாம்.