மேல்மடையில் 'நகர்' வருகிறது: சுற்றுச்சூழல் அனுமதியைத் தேடி அலையாதீர்கள்

பாபநாசம் வட்டத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "எங்களுக்கு ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நஞ்சை. மேல்மடைப் பக்கம் 32 ஏக்கரை ஒரு புரொமோட்டர் வாங்கி, கிராவல் அடித்து, முகப்பில் வளைவு கட்டி, நானூறு மனை என்று கல் ஊன்றிக்கொண்டிருக்கிறார். எங்கள் வாய்க்கால் அதற்குள்தான் வருகிறது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கினார்களா என்று ஊராட்சியில் கேட்டால் தெரியாது என்கிறார்கள். டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்றே, இங்கே எப்படி மனை போடலாம்? ஒருவர் 40,000 ரூபாய் கொடுத்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஸ்டே வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். அந்தப் பணம் உரத்துக்கு ஆகும். இந்த 'ஸ்டே' வியாபாரம் டெல்டாவில் நன்றாக நடக்கிறது. உங்களிடம் 40,000 வாங்கி ஒரு மனுவை அனுப்பிவிட்டு, அதே மனுவின் நகலைப் புரொமோட்டரிடம் காட்டி இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிற ஆட்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனு போட்டதற்கு ரசீது இருக்கும், வழக்கு எண் மட்டும் இருக்காது. வழக்கு எண் கேளுங்கள், ஆள் காணாமல் போவார்.

சரி, வேளாண் மண்டலம். 2020-ல் சட்டம் வந்தபோது டெல்டாவில் இனி ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்பதுபோலத்தான் மேடைகளில் பேசினார்கள். சட்டத்தை எடுத்துப் படித்தால் அதில் தடை செய்திருப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பது, மீத்தேன், ஷேல், தாமிரம், அலுமினியம், துத்தநாக உருக்காலைகள், இரும்பு ஆலை, தோல் பதனிடுவது, கப்பல் உடைப்பது. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் ஊரில் ஷேல் எரிவாயு எடுக்க முடியாது, நானூறு மனை போடலாம். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அடுத்தது சுற்றுச்சூழல் அனுமதி. 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையின்படி, கட்டுமானத் திட்டத்தில் கட்டப்போகும் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் இந்த அனுமதி வேண்டும். எல்லா மாடிகளையும் சேர்த்துக் கூட்டிய கட்டடப் பரப்பு அது, ஏறத்தாழ 2.15 லட்சம் சதுர அடி. டவுன்ஷிப், பரப்பு மேம்பாடு என்று போனால் 50 ஹெக்டேர், அதாவது 123 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. உங்கள் மேல்மடைக்காரர் வைத்திருப்பது 32 ஏக்கர், பதின்மூன்று ஹெக்டேர்கூட வராது. ரோடு போட்டு, கல் ஊன்றி, வெறும் மனையாக விற்றுவிட்டுப் போகிறார் என்றால் கட்டடப் பரப்பு பூஜ்யம். ஆக, 'அனுமதி வாங்கினாயா' என்று நீங்கள் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே 'எனக்குத் தேவையே இல்லை' என்று சொல்வார், அது சரியாகவும் இருக்கும்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இதுதான். வெறும் மனையாக விற்காமல் அதே ஆள் வீடும் கட்டித் தருகிறார் என்றால் கணக்கு அடியோடு மாறிவிடும். 1,200 சதுர அடி வீடு 180 கட்டினால் 2,16,000 சதுர அடி, எல்லை தாண்டியாயிற்று. இது அவர்களுக்கும் தெரியும். அதனால் மனைக்குத் தனியாகக் கிரயம் போடுவார்கள், வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் எழுதுவார்கள், கேட்டால் 'மனை வாங்கியவர்தான் கட்டிக்கொள்கிறார், நாங்கள் வெறும் மேஸ்திரி' என்பார்கள். இல்லையென்றால் கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு என்று பிரித்து, ஒன்று மனைவி பேரில், ஒன்று மச்சான் பேரில், ஒவ்வொன்றும் 1.9 லட்சம் சதுர அடியில் நிற்கிற மாதிரிக் காட்டுவார்கள். ஒரே வளைவு, ஒரே ரோடு, ஒரே தண்ணீர்த்தொட்டி என்றால் அது ஒரே திட்டம்தான் என்று வாதாட இடமுண்டு. அதற்கு ஆதாரம் எங்கே கிடைக்கும்? அவர்களே அடித்த நோட்டீஸில். '400 மனை, 200 வில்லா, ஒரே கேட்' என்று கலரில் போட்டிருப்பார்கள். அந்த நோட்டீஸைக் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். மனைத் திட்டங்களைப் பதிவு செய்கிற ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் இணையதளத்திலும் திட்டத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், எத்தனை வீடு என்று அவர்களே கொடுத்திருப்பார்கள்.

அப்படி எல்லை தாண்டினாலும் பெரிதாகக் கனவு காணாதீர்கள். இந்த வகைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே கிடையாது, விலக்கு அளித்துவிட்டார்கள். ஆவணங்களைத் தயாரிப்பது புரொமோட்டர் காசு கொடுத்து வைத்த ஆலோசகர். மாப்பிள்ளை வீட்டாரே இரண்டு ஜாதகத்தையும் எழுதிக்கொண்டு வந்து பொருத்தம் பார்க்கச் சொன்னால் என்ன பொருத்தம் வரும்? சென்னையில் உட்கார்ந்து அந்த ஆவணங்களைப் படித்து அனுமதி கொடுக்கிறவர்களுக்கு உங்கள் வாய்க்கால் நீலப் பென்சிலில் ஒரு கோடு, அதுவும் ஆலோசகர் போட்டுக் காட்டியிருந்தால்.

அப்போது எந்தக் கதவைத் தட்டுவது? இரண்டு இருக்கின்றன. ஒன்று, நிலப் பயன்பாட்டு மாற்றம். விவசாய நிலத்தை மனையாக்க, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவுப்படி உள்ளாட்சி தானாக அனுமதி கொடுத்துவிட முடியாது, நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு வேண்டும், அதற்கு முன் வேளாண் துறையிடமும் வருவாய்த் துறையிடமும் கருத்துக் கேட்பார்கள். 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது' என்று ஒரு தாளை நீட்டினால் அது போதாது. இரண்டு, நீர்வளத்துறையின் தடையில்லாச் சான்று. அந்த இடம் வெள்ளத்தில் மூழ்குமா, வாய்க்கால் வடிகால் அடைபடுமா என்று பார்த்துக் கொடுக்க வேண்டிய சான்று அது. உங்கள் சண்டை முழுக்க இந்த இரண்டு தாள்களில்தான் இருக்கிறது.

முதல் தாளில் என்ன தந்திரம் நடக்கும் தெரியுமா? நிலத்தை வாங்கிய கையோடு இரண்டு மூன்று வருஷம் சும்மா போட்டுவிடுவார்கள். கருவேல முள் மண்டும். கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்று ஏறும். வேளாண் துறை வந்து பார்த்துவிட்டு 'சாகுபடி இல்லை' என்று எழுதிவிட்டுப் போகும். குறுவையும் தாளடியும் விளைந்த மண், காகிதத்தில் தரிசு. அதற்கு முந்தைய பசலிகளின் (வருவாய் ஆண்டுகளின்) அடங்கல் நகலைக் கேட்டு வாங்குங்கள். நிலத்தை விற்ற பழைய சொந்தக்காரர் உங்கள் தெருக்காரராகத்தான் இருப்பார், அவரிடம் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கிய தாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விற்றவர் என்று அவரிடம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்தால் இந்தத் தாள் கிடைக்காது.

இரண்டாவது தாளுக்கு வாய்க்கால் யாருடையது என்று முதலில் தெரிய வேண்டும். கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டையும், நில அளவை வரைபடமான புலப்படத்தையும் எடுங்கள், இரண்டும் இணையத்திலேயே கிடைக்கும். வாய்க்காலுக்குத் தனி சர்வே எண் இருந்து, எதிரே வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்தால் நீங்கள் பாதி ஜெயித்துவிட்டீர்கள். அதை யாரும் விற்கவும் முடியாது, மூடவும் முடியாது. ஒருமுறை என் மேஜைக்கு வந்த வரைபடத்தில் இப்படிப்பட்ட ஒரு வாய்க்காலைப் 'பூங்கா' என்று பச்சை அடித்து, பொதுப்பயன்பாட்டுக்கு விட வேண்டிய இடத்தில் அதையும் சேர்த்துக் கணக்குக் காட்டியிருந்தார்கள். அரசு நிலத்தை அரசுக்கே தானம் கொடுத்த புண்ணியவான்கள்.

பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிற கன்னி வாய்க்கால் என்றால்தான் சிக்கல். பதிவேட்டில் அது இருக்காது, அதிகாரி 'ரெக்கார்டில் இல்லையே' என்று கையை விரிப்பார். அதற்காக உரிமை இல்லாமல் போய்விடாது. 20 வருஷம் வெளிப்படையாக, தடங்கல் இல்லாமல் அந்த வழியாகத் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும், உரிமையியல் நீதிமன்றம் போகலாம். ஆனால் அடைத்த பிறகு, ஊர்ப் பெரியவர் பேசி முடிப்பார், அடுத்த போகம் பார்க்கலாம் என்று ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டால் நீங்களே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். 40,000 ரூபாயை எங்காவது செலவழித்தே தீருவேன் என்றால் இதற்கு ஒரு நல்ல உள்ளூர் வக்கீலிடம் கொடுங்கள்.

ஸ்தல ஆய்வு எப்போது வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஏப்ரல், மே. மேட்டூர் மூடிக் கிடக்கும், வாய்க்கால் ஆடு மேய்கிற பள்ளமாக இருக்கும். 'உபயோகத்தில் இல்லாத வாய்க்கால்' என்று எழுத அதைவிட நல்ல மாதம் வேறு இல்லை. அதனால் ஜூன் 12-க்குப் பிறகு தண்ணீர் வந்து மடை ஏறும்போது ஒரு படம், ஐப்பசி கார்த்திகை மழையில் அதே இடத்தில் ஒரு படம், தேதியோடு எடுத்து வையுங்கள். மழைக்காலப் படம்தான் முக்கியம். நம் ஊரில் மேலே இருப்பவனுக்கு வடிகால், கீழே இருப்பவனுக்குப் பாசனம், இரண்டும் ஒரே வாய்க்கால்தான், இதைச் சென்னைக்காரருக்குப் புரியவைப்பதற்குள் சம்பா அழுகிவிடும். மேல்மடையை மூன்றடி உயர்த்திவிட்டால் பாசனக் காலத்தில் உங்களுக்குத் தண்ணீர் வராது, மழையில் தண்ணீர் போகாது.

மனுவை விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். மாதம் ஒருமுறை நடக்கிறது, ஆட்சியர், வேளாண்மை, நீர்வளம், வருவாய் எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள், ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது. ஒரே பக்கம், சர்வே எண், படம், அவ்வளவுதான். நகல் தஞ்சாவூர் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு. கூடவே 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு ஒன்று, நீர்வளத்துறைக்கு: இந்த சர்வே எண்களுக்குத் தடையில்லாச் சான்று கொடுத்தீர்களா, என்ன நிபந்தனையோடு, ஆய்வு எந்தத் தேதியில்? 30 நாளில் பதில் வர வேண்டும். தேதி மே மாதமாக இருந்தால் உங்கள் படத்துக்கு வேலை வந்துவிட்டது.

இன்னொன்று. விரைவில் வீட்டுக்கு ஒருவர் பழத்தட்டோடு வருவார். 'வாய்க்காலை மூடவில்லை ஐயா, இரண்டடி சிமென்ட் குழாய் போட்டுத் தருகிறோம்' என்பார். ஆறடி அகலம் மூன்றடி ஆழம் உள்ள வாய்க்காலின் குறுக்குவெட்டு 18 சதுர அடி. இரண்டடிக் குழாயில் 3 சதுர அடிதான், ஆறில் ஒரு பங்கு. நம் தரைக்குச் சரிவே கிடையாது, முதல் வருஷமே வண்டலும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொள்ளும், மனையெல்லாம் விற்றுப் போன பிறகு அதைத் தூர்வார யார் வருவார்? குழாய் போடுவதற்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார், உங்கள் தம்பி போட்டுவிட்டார், பக்கத்து வயல்காரர் போட்டுவிட்டார் என்றும் சொல்வார். பழத்தை வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்தைப் போடாதீர்கள், தம்பியிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.