ஆப் இருக்கும்போது கருவி எதற்கு?

கேள்வி: புராடக்ட் டிசைன் இறுதியாண்டு படிக்கிறேன். ஒலியும் ஒளியும் சேர்ந்த ஒரு இசைக்கருவிதான் என் புராஜெக்ட். "இதை மொபைல் ஆப்பாகவே செய்துவிடலாமே, தனியாக ஒரு பொருள் எதற்கு?" என்று ரிவியூவில் மடக்குகிறார்கள். என்ன சொல்லட்டும் சார்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: டெனோரி-ஆன் (Tenori-on) என்ற இசைக்கருவியைக் காட்டுங்கள். ஜப்பானிய மீடியா கலைஞர் தோஷியோ இவாய், யமஹாவோடு சேர்ந்து உருவாக்கிய கருவி. 2007-ல் வந்தது. மெக்னீசியச் சட்டத்துக்குள் 16-க்கு 16, ஆக 256 எல்.இ.டி பொத்தான்கள். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் ஸ்வரம். ஒரு பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் அங்கே வெளிச்சம் தங்கிவிடும். இடமிருந்து வலமாக ஓடும் நேரக்கோடு அதைக் கடக்கும்போதெல்லாம் ஒலிக்கும்.

எனக்குப் பிடித்தது 'பவுன்ஸ்' மோட். பொத்தானைத் தொட்டால் வெளிச்சம் அந்த வரிசையிலேயே கீழே விழுந்து, தரையைத் தொட்டதும் ஒலித்து, மறுபடி எழும். உயரமாகத் தொட்டால் இடைவெளி அதிகம், தாழத் தொட்டால் குறைவு. பக்கத்துப் பக்கத்து வரிசையில் வேறு வேறு உயரத்தில் இரண்டைப் போட்டுவிட்டால் போதும், விலகி விலகி ஒலித்து, ஒரு கட்டத்தில் சேர்ந்து, மறுபடி விலகும். தாளக் கணக்கே தெரியாதவர்கூட அதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வார்.

சரி, இதையெல்லாம் ஆப்பும் செய்யுமே? செய்யும். 2011-ல் யமஹாவே டிஎன்ஆர்-ஐ (TNR-i) என்று ஐபோன், ஐபேடுக்கு ஓர் ஆப் விட்டது. 599 பவுண்டு கருவியோடு ஒப்பிட்டால் விலை கொசுறு. ஆனால் உங்கள் பதில் கருவியின் பின்பக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் எல்.இ.டி.கள். வாசிப்பவர் நெஞ்சுக்கு நேரே பிடித்திருக்க, அவர் விரல் போடும் கோலம் எதிரே இருப்பவருக்கும் தெரியும். நான் மேடை சவுண்டு வேலை பார்த்தவன், அதனால் இதன் அருமை தெரியும். தவில்காரரின் கையைப் பார்த்தே பாதிக் கச்சேரியை ரசிக்கிறோம். லேப்டாப்புக்குப் பின்னால் நிற்பவர் இசை போடுகிறாரா, கரண்ட் பில் கட்டுகிறாரா, யார் கண்டது?

இவாய் திரைக்குள் வேலை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 2005-ல் நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவிக்கு எலக்ட்ரோபிளாங்க்டன் என்ற இசை விளையாட்டைச் செய்தவர் அவர்தான்.

பிற்பாடு விலையைக் குறைக்க யமஹா ஒரு பிளாஸ்டிக் மாடல் விட்டது. அதில் பின்பக்க விளக்கையே எடுத்துவிட்டார்கள். கணக்குப் பார்ப்பவர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். என்னைக் கேட்டால், கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம்.

ஆகவே ரிவியூவில் கருவியை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கேள்வி கேட்டவரை உங்களுக்கு எதிரே உட்காரவைத்து வாசியுங்கள், அவர் பக்கம் என்ன தெரிகிறது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். 16-க்கு 16 எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். 4-க்கு 4 பலகை, ஓர் ஆர்டுயினோ (விளக்கையும் பொத்தானையும் இயக்கும் சின்னக் கணினி போர்டு), இருபுறமும் விளக்கு, அது போதும்.