வாசகர் கேள்வி – பதில்: ஊர் எல்லையில் பேட்டரி நிலையம்

கேள்வி: எங்கள் ஊரில் 12 ஏக்கர் புன்செயை ஒரு நிறுவனம் குத்தகைக்குக் கேட்கிறது. 50 மெகாவாட் பேட்டரி மின் சேமிப்பு நிலையமாம். அடுத்த வாரம் ‘மக்கள் கருத்துக் கேட்பு’ வைத்திருக்கிறார்கள். என்ன கேட்பது? கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், ஓமலூர் வட்டம்

பதில்: எட்டு வழிச் சாலைக்கு 2018-இல் கல் நட்டதைப் பார்த்த மாவட்டம் இது. கூட்டம் என்றாலே சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் அது அரசு நிலமெடுப்பு, இது தனியார் குத்தகை. நிலத்துக்காரர் முடியாது என்றால் அதோடு முடிந்தது. பக்கத்துத் தோட்டக்காரருக்குத்தான் அந்த வசதி இல்லை. அதனால் கூட்டம் முக்கியமாக அவருக்கே.

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் இவ்வகை நிலையம் இல்லை. இருந்திருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 30 நாள் முன்னறிவிப்போடு கூட்டம் நடத்தும், ஆட்சியரோ அவர் சார்பில் உயர் அலுவலரோ தலைமை தாங்குவார். இப்போது கூட்டுவது நிறுவனம், குறிப்பு எழுதுவதும் நிறுவனம். ஆகவே வருகைத் தாளின் தலைப்பைப் படித்துவிட்டு, ‘வருகைக்கு மட்டும்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கூட்டக் குறிப்பின் தமிழ் நகலை அங்கேயே கேளுங்கள். கிராம சபைப் பொருள் நிரலில் இதைச் சேர்க்கச் சொல்லி ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தீர்மானத்தால் மட்டும் திட்டம் நின்றுவிடாது, ஆனால் பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையில் ஒரு தாள் வேண்டும்.

கேள்விகளுக்கு வருவோம். ‘50 மெகாவாட்’ என்பது பாதித் தகவல். எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். 2 மணி நேரம் என்றால் 100 மெகாவாட் மணி. பேட்டரி அடுக்கிய இன்றைய 20 அடி கன்டெய்னர் ஒன்று சுமார் 5 மெகாவாட் மணி பிடிக்கும் என்பதால் குறைந்தது 20 கன்டெய்னர். ஒவ்வொன்றும் 40 டன்னுக்கு மேல். உங்கள் ஓடைப் பாலம் அதைத் தாங்குமா?

அடுத்து தீ. பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை என்பார்கள். நிக்கல் வகையைவிட எளிதில் பற்றாது என்பது உண்மைதான். ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல் கட்டுமீறிச் சூடானால் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு எல்லாம் வெளியேறும். 2019-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பேட்டரி நிலையத்தின் உள்ளே வாயு தேங்கியிருந்தபோது கதவைத் திறந்ததும் வெடித்து, தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். அதனால் தீப்பிடித்த பெட்டியை எரிந்து அடங்க விட்டு, அடுத்த பெட்டிகளை நீரடித்துக் குளிர்விப்பதே இப்போது வழக்கம். அந்த நீர் எங்கிருந்து வரும்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில ஊரகத் தீயணைப்புத் துறை 2,88,000 லிட்டர் இருப்பு கேட்கிறது. 12,000 லிட்டர் லாரியில் 24 நடை! சித்திரை மாதத்தில் உங்கள் பக்கம் அது கிடைக்குமா என்று யோசியுங்கள். நிலையத்துக்குள்ளேயே தொட்டி கட்டச் சொல்லுங்கள். அடித்த நீர் ஓடை வழியாகச் சரபங்கா ஆற்றுக்கோ கிணற்றுக்கோ போகாதபடி தடுப்புக் குட்டையும் வேண்டும். யூ.எல். 9540ஏ சோதனை (ஒரு செல் கட்டுமீறிச் சூடானால் தீ அடுத்ததற்குப் பரவுகிறதா என்று பார்ப்பது) அறிக்கை, பெட்டிகளின் இடைவெளி, காற்று வீசும் திசையில் முதல் வீடு எவ்வளவு தூரம் – மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: கதிர்வீச்சு வருமா?
– வாசகி, மேச்சேரி

பதில்: அந்தப் பயம் வேண்டாம். தொல்லை சத்தம்தான். குளிரூட்டும் விசிறிகள் கோடை இரவிலும் ஓடும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். எல்லா விசிறியும் முழு வேகத்தில் ஓடும்போது முதல் வீட்டுச் சுவரருகே எவ்வளவு என்று கேளுங்கள். வேலியருகே அளந்த கணக்கு உதவாது.

கேள்வி: 25 ஆண்டு குத்தகை முடிந்ததும் பேட்டரிகளை யார் அள்ளுவார்கள்?
– வாசகர், வாழப்பாடி

பதில்: 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைப் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் மேல் வைக்கின்றன. உங்கள் நிலத்தில் நிற்கும் கான்கிரீட்டை அந்த விதி அகற்றித் தராது. அடித்தளத்தை எத்தனை அடி ஆழம் வரை பெயர்ப்பார்கள், அதற்கான வங்கி உத்தரவாதம் யார் பெயரில் என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். நிறுவனம் கைமாறினாலும் அந்த உத்தரவாதம் செல்லுபடியாக வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், வெறும் முத்திரைத்தாள் போதாது. தாய்ப்பத்திரத்தின் நகலைக் கொடுங்கள், அசலை வேண்டாம்.