அதிகாரி பார்த்தது மூக்கை அல்ல, பதிவேட்டை

1938 பெர்லினில் நடக்கும் உங்கள் கதையில், கிறிஸ்தவராக வளர்ந்த நாயகனை ஒரு அதிகாரி மூக்கைப் பார்த்தே யூதர் என்று பிடிப்பது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். மூக்கெல்லாம் பிரச்சாரச் சுவரொட்டியோடு சரி. ஆளை மாட்டிவிட்டது காகிதம்.

நாஜி அரசின் 1935 நவம்பர் 14 ஆணைப்படி, தாத்தா பாட்டி நால்வரில் மூவராவது யூதர் என்றால், ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் அவர் யூதர்தான். இருவர் மட்டும் என்றால், அவர் யூத சமயச் சபை உறுப்பினரா, யூதரை மணந்தவரா என்றெல்லாம் பார்ப்பார்கள். 'ரத்தம், இனம்' என்று முழங்கிய சட்டம், ஒரு தாத்தா யூதரா என்று தீர்மானிக்க அவருடைய யூத சபை உறுப்பினர் பதிவைத்தான் நம்பியது. அபத்தம்தான், ஆனால் அப்படித்தான் நடந்தது.

ஆகவே நாயகன் அரசு வேலைக்கு, யூத வம்சம் இல்லை என்று காட்டும் வம்சாவளிச் சான்று திரட்டும்போது மாட்டட்டும். தேவாலயத்தில் தாத்தா பாட்டிகளின் ஞானஸ்நானப் பதிவுகளுக்கு நகல் கேட்கிறார். அவர்களில் மூவர் வளர்ந்த பிறகு யூத மதத்திலிருந்து மாறியவர்கள் என்பது அந்த வரிகளிலேயே இருக்கிறது. எழுத்தர் அதையும் சேர்த்து நகலெடுக்கிறார். போதும்.

யூதர்கள் உடையில் அணிய வேண்டியிருந்த மஞ்சள் நட்சத்திரத்தை 1938-இல் வைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் அது 1941 செப்டம்பர் 19 முதல், ஆறு வயது நிரம்பியவர்களுக்கு. பாஸ்போர்ட்டில் யூதர் என்று குறிக்கும் சிவப்பு 'ஜே' (J) முத்திரை 1938 அக்டோபர் ஆணை. யூத ஆண்களுக்கு 'இஸ்ரேல்', பெண்களுக்கு 'சாரா' என்ற கட்டாயக் கூடுதல் பெயர்கள் 1939 ஜனவரி 1 முதல். கதை 1939 மே வரை நீண்டால், 17-ஆம் தேதி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறது: தாத்தா பாட்டி ஒவ்வொருவரும் யூதரா என்று தனி அட்டையில் எழுதி, உறையிலிட்டுக் கொடுக்க வேண்டும்.