பக்கம் புரளாத புத்தகம்: கவனக்குறைவா, பதற்றமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், பக்கம் புரளாது. கேட்டால் 'படிச்சுட்டுத்தாம்மா இருக்கேன்' என்பாள். பரீட்சை அன்று காலையில் வயிற்றுவலி, சில நாள் வாந்தி. இரவில் தூக்கம் சரியில்லை. 'ஏடிஎச்டி-யா இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்' என்கிறார் வகுப்பு ஆசிரியை. 'எல்லாம் பயம்தான், பரீட்சை முடிஞ்சா சரியாயிடும்' என்கிறார் மாமியார். என் கணவரோ செல்போனைத்தான் குறை சொல்கிறார். சின்ன வயதில் ஓடியாடி வம்பு செய்த பிள்ளையும் இல்லை, அமைதியானவள். இது என்ன? மாத்திரை கொடுத்தால் அதற்கே அடிமையாகிவிடுவாளா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புள்ள சகோதரி, 'பக்கம் புரளாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு–மிகைத் துறுதுறுப்புக் கோளாறு உள்ள பிள்ளைக்கும் பக்கம் புரளாது, பதற்றத்தில் இருக்கிற பிள்ளைக்கும் புரளாது. பக்கத்தில் நின்று பார்க்கிற அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 'புத்தகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கப்போ மனசு எங்கே போகும்?' ஒரு பையன் சொன்னான்: ஃபேன் சத்தம், அந்தச் சத்தத்தில் ஒரு பாட்டு, பாட்டிலிருந்து கிரிக்கெட், அப்புறம் பேனா மூடி. சொல்லும்போதே என் மேஜையிலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதே வாரம் வந்த ஒரு பெண் வெகுநேரம் தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: 'கொஸ்டின் பேப்பரைப் பார்த்ததும் எல்லாம் மறந்துட்டா என்ன பண்றது?' அதற்கு அப்பால் அவள் மனசு நகரவே இல்லை. பையனின் மனசு கண்டதையெல்லாம் தொட்டுக்கொண்டு ஓடியது. அவளுடையது ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

பதற்றம் ஏன் படிப்பைக் கெடுக்கிறது என்பதற்கு உளவியலில் நல்ல விளக்கம் இருக்கிறது. ஒரு கணக்கைப் போடும்போது எண்களையும் படிகளையும் சில நொடிகள் மனதில் ஏந்திப் பிடிக்கிறோம் அல்லவா, அந்த இடம் எல்லோருக்கும் சின்னதுதான். கவலை அந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மைக்கேல் ஐசெங்க்கும் சக ஆய்வாளர்களும் 2007-ல் இதைக் கவனக் கட்டுப்பாட்டுக் கோட்பாடாக எழுதினார்கள். பதற்றத்தில் இருக்கும் மனசு, செய்யவேண்டிய வேலையை விட்டுவிட்டு ஆபத்து எங்கே என்று தேடுவதிலேயே சக்தியைச் செலவழிக்கிறது. எனவே உங்கள் மகள் 'படிச்சுட்டுத்தான் இருக்கேன்' என்பது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. உழைக்கிறாள், உழைப்பு வேறெங்கோ போகிறது.

ஏடிஎச்டி அப்படித் திடீரென்று வருவதில்லை. அது மூளை வளர்ச்சியோடு சேர்ந்து வருவது, பெருமளவு பரம்பரை சார்ந்தது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஃபிலிப் ஷா குழுவினர் பிள்ளைகளின் மூளைப் புறணியை, அதாவது மூளையின் வெளி அடுக்கை, ஸ்கேன் செய்து பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். புறணியின் தடிமன் உச்சத்தைத் தொடும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஏழரை, ஏடிஎச்டி உள்ளவர்களுக்குப் பத்தரை. திட்டமிடவும் பொறுத்திருக்கவும் உதவுகிற முன்மூளைப் பகுதியில்தான் தாமதம் அதிகம். இது கூட்டத்தின் சராசரி. உங்கள் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்து ஏடிஎச்டி-யைக் கண்டுபிடிக்க முடியாது, யாராவது சொன்னால் பணத்தைச் செலவு செய்யாதீர்கள்.

கண்டுபிடிப்பது கதையைக் கேட்டுத்தான். மனநலக் கோளாறுகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டின்படி அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். அதனால்தான் பெற்றோரைப் பழைய ரேங்க் கார்டுகளை எடுத்துவரச் சொல்கிறேன். பீரோவின் அடியில் மஞ்சள் பையில் சுற்றிவைத்தது வரும். மதிப்பெண்ணைவிட ஓரத்தில் ஆசிரியர் எழுதிய ஒற்றை வரிதான் எனக்கு முக்கியம். இரண்டாம் வகுப்பிலேயே 'கெட்டிக்காரி, ஆனால் கவனம் தேவை', மூன்றிலும் அதே, ஐந்திலும் அதே என்றால் காதைத் தீட்டிக்கொள்வேன். எட்டாம் வகுப்புவரை எல்லாம் நன்றாக இருந்து, ஒன்பதில்தான் சரிவு என்றால் பதற்றம், மனச்சோர்வு, தூக்கக் குறைவு, பள்ளியில் நடந்த ஏதோ ஒன்று என்று என் யோசனை வேறு பக்கம் போகும்.

அமைதியானவள் என்கிறீர்கள். ஏடிஎச்டி என்றாலே துள்ளிக் குதிக்கும் பையன் என்ற படம் நம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. கவனக்குறைவு மட்டுமே மேலோங்கிய வகையும் உண்டு. அந்த வகைப் பெண்பிள்ளைகள் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதால், பத்தாம் வகுப்புப் பாடச்சுமை வந்து விழும்வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். உலக அளவில் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஏடிஎச்டி இருக்கிறது. அவர்களில் நாலில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ பதற்றக் கோளாறும் சேர்ந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து 'சோம்பேறி, எதிலும் கவனம் இல்லை' என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, பதினைந்து வயதில் பேனாவை எடுக்கும்போதே நடுங்குவதில் ஆச்சரியம் என்ன?

சிகிச்சையும் இதைப் பொறுத்து மாறும். எம்டிஏ என்ற பெரிய ஆய்வில் ஏடிஎச்டி உள்ள 7 முதல் 9 வயதுவரையான 579 பிள்ளைகள் சேர்ந்தார்கள், 1999-ல் முடிவு வந்தது. மொத்தத்தில் மருந்து நன்றாக வேலை செய்தது. ஆனால் பதற்றமும் சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கும் பள்ளிக்கும் பயிற்சி கொடுத்துச் செய்த நடத்தை சிகிச்சை மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பலன் தந்தது. பதற்றத்துக்கென்றே நடந்த கேம்ஸ் ஆய்வில் (2008, 7 முதல் 17 வயதுவரை 488 பேர்) சிபிடி எனும் சிந்தனை-நடத்தை சிகிச்சையால் மட்டும் சுமார் 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள், பதற்றத்தைக் குறைக்கும் செர்ட்ரலின் மாத்திரையும் சேர்ந்தபோது 81 சதவீதம் பேர். பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, துணையோடு எதிர்கொள்ளப் பழக்குவதுதான் அதன் உயிர்நாடி. பரீட்சை அன்று வயிற்றுவலி என்று லீவு போட வைத்தால் அன்றைக்கு நிம்மதி, அடுத்த பரீட்சைக்குப் பயம் இரட்டிப்பு.

மாத்திரைக்கு அடிமையாவாளா என்று கேட்டீர்கள். ஏடிஎச்டி-க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், கண்காணிப்போடு சாப்பிடும் பிள்ளைகள் அதனால் போதைப் பழக்கத்துக்குப் போவதாக நீண்டகால ஆய்வுகள் காட்டவில்லை. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், சிலருக்குப் படபடப்பு வரலாம். எடையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் நோய் இன்னதென்று தெரியுமுன் மாத்திரைப் பேச்சே வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் 15, 16 வயது மாணவர்கள் 2,587 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2018-ல் வெளியான ஆய்வில், டிஜிட்டல் பழக்கம் எதுவுமே அதிகமில்லாதவர்களில் 4.6 சதவீதம் பேருக்கும், கேட்ட 14 வகையிலும் மூழ்கியிருந்தவர்களில் 10.5 சதவீதம் பேருக்கும் புதிதாக ஏடிஎச்டி அறிகுறிகள் தெரிந்தன. தொடர்பு இருக்கிறது, போன்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. போனைப் பிடுங்குவதைவிட, இரவு ஒன்பதரைக்கு வீட்டில் எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். அப்பாவுடையதும்தான்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, கண் பரிசோதனை. ரத்தசோகையே சோர்வையும் படபடப்பையும் கொண்டுவரும். அப்புறம் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. 18 வயதுவரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திலும் காட்டலாம். ரேங்க் கார்டுகளோடு ஆசிரியை கைப்பட எழுதிய அரைப்பக்கக் குறிப்பும் கொண்டுபோங்கள். 'வாழவே பிடிக்கலை' என்பதுபோல அவள் ஏதாவது சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

டாக்டர் அறையில் பத்து நிமிடம் அவளைத் தனியே பேச விட்டுவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள். வெளியே வந்ததும் 'என்ன கேட்டாங்க, என்ன சொன்னே' என்று கேட்காதீர்கள்.