கேளுங்கள்: போன் வழியே பட்டம், ஆப்பிரிக்காவில் எப்படி?

சென்ற இதழில் நைஜீரியாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பற்றியும், இடம் கிடைக்காத பிள்ளைகள் ஆன்லைனில் படிப்பதைப் பற்றியும் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த வாரப் பக்கத்தை முழுக்க அதற்கே கொடுத்துவிடலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன், சரி என்றார்.

கேள்வி: காலேஜ் கட்டுவதை விட்டுவிட்டு ஆன்லைன் ஆன்லைன் என்கிறார்களே, பணக்காரப் பிள்ளைக்கு வகுப்பறை, ஏழைப் பிள்ளைக்குத் திரையா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. ஆனால் கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். சஹாராவுக்குத் தெற்கே இருக்கிற நாடுகளில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 100-க்கு 9 என்ற அளவில்தான் நிற்கிறது. உலக சராசரி 40-ஐத் தாண்டியாகிவிட்டது. நம் தமிழ்நாடு 2021-22 கணக்கெடுப்பில் 47. நைஜீரியாவில் 'ஜாம்ப்' என்று அவர்கள் சொல்லும் நுழைவுத் தேர்வை வருடா வருடம் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள், அதில் பெரும்பாலோருக்கு இடம் கிடைப்பதில்லை, அடுத்த வருடம் மறுபடி எழுதுகிறார்கள், அதற்குள் புதிதாகப் பிளஸ் டூ முடித்த கூட்டம் பின்னால் வந்து நிற்கிறது. கண்டத்தின் நடு வயதே ஏறக்குறைய 19. அதாவது ஜனத்தொகையில் பாதிப் பேர் இன்னும் கல்லூரி வயதைத் தாண்டவே இல்லை.

கட்டடத்தை இரண்டு வருடத்தில் எழுப்பிவிடலாம். அதில் நின்று பாடம் நடத்த முனைவர் பட்டம் வாங்கிய ஒருவரை உருவாக்கப் பத்து வருடம் பிடிக்கும், அவர் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விடாமல் இருக்க வேண்டும், சம்பளம் ஒழுங்காக வர வேண்டும். 2022-இல் நைஜீரியப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பிப்ரவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபரில்தான் முடிந்தது. எட்டு மாதம். சீட் கிடைத்த பிள்ளைகளும் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் இணையவழிக் கல்வி அங்கே ஒரு அவசரத் தேவை. ஆனால் அதைக் காட்டி அரசாங்கம் கல்லூரி கட்டுவதை நிறுத்தினால் நானும் உங்கள் பக்கம்தான்.

கேள்வி: இதெல்லாம் கொரோனாவுக்குப் பிறகு வந்த பழக்கம்தானே?
(வாசகர், சேலம்)

இல்லை, தொலைதூரக் கல்வியில் ஆப்பிரிக்கா நமக்கெல்லாம் மூத்தது. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூனிசா, 1873-இல் தொடங்கியது. முதலில் வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது, 1946-இலிருந்தே அஞ்சல் வழியாகப் பாடமும் நடத்துகிறது. இன்றைக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். நெல்சன் மண்டேலா ஃபோர்ட் ஹேர் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு பி.ஏ.வை யூனிசா மூலமாகத்தான் முடித்தார், 1943-இல் பட்டம் வாங்கினார். சட்டப் பட்டத்தையும் அதே யூனிசாவில், சிறையில் இருந்தபடியே 1989-இல் பெற்றார். ராபன் தீவுச் சிறையில் அவரோடு அடைபட்டிருந்த பலரும் அஞ்சல் வழியில் படித்தவர்கள். வெள்ளையர் ஆட்சி வகுப்பறைக் கதவை மூடி வைத்திருந்த காலத்தில் கறுப்பின மக்களுக்குத் திறந்திருந்த சில வழிகளில் அந்தத் தபால் உறையும் ஒன்று. இந்தப் பின்னணி தெரியாமல் இதை ஏதோ சிலிக்கான் வேலி கொண்டுபோய்க் கொடுத்த வரம் மாதிரி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: கரஸில் படித்த டிகிரி என்றாலே இங்கே முகத்தைச் சுளிக்கிறார்கள். அங்கே ஆன்லைன் பட்டத்துக்கு வேலை கிடைக்குமா?
(அஞ்சல் வழியில் எம்.காம். முடித்த வாசகி, திண்டுக்கல்)

வந்த கடிதங்களிலேயே இதுதான் முக்கியமான கேள்வி, அம்மா. பாடம் நடத்துவதை விடப் பட்டத்துக்கு மதிப்பு வாங்கித் தருவதுதான் கஷ்டமான வேலை. இதற்கு நைஜீரியாவின் தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கதையைச் சொல்கிறேன்.

1983-இல் சட்டம் போட்டுத் தொடங்கினார்கள். அந்த வருடக் கடைசியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1984 ஏப்ரலில் ஜெனரல் முகமது புகாரி பட்ஜெட் உரையில் இதற்குப் பணமில்லை என்ற ரீதியில் நிறுத்தி வைத்துவிட்டார். பிறக்கும்போதே மூச்சு நின்ற மாதிரி. அப்புறம் ஏறத்தாழ பதினெட்டு வருடம் ஒன்றுமில்லை. 2002-இல், ஒபசாஞ்சோ குடியரசுத் தலைவராக இருந்தபோது, மறுபடி உயிர் வந்தது. ஒபசாஞ்சோ பதவியை விட்டு இறங்கிய பிறகு தானே அங்கே மாணவராகச் சேர்ந்து இறையியல் படித்து, 2018-இல் முனைவர் பட்டமும் வாங்கினார். தான் திறந்த பல்கலைக்கழகத்தில் தானே போய்ச் சேர்ந்து படித்ததால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஆனால் சாதாரணப் பிள்ளைகள் பட்ட பாடு வேறு. நைஜீரியாவில் பட்டதாரிகள் 30 வயதுக்குள் இருந்தால் ஒரு வருடம் தேசிய இளைஞர் சேவை செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அரசு வேலைக்கு விண்ணப்பிப்பதே சிரமம், தனியார் நிறுவனங்களும் கேட்பார்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு அந்தச் சேவையில் இடமில்லை. சட்டம் படித்தவர்களுக்கு இன்னும் மோசம். அங்கே எல்.எல்.பி. முடித்துவிட்டு நைஜீரிய சட்டப் பள்ளியில் பயின்றால்தான் கறுப்பு அங்கி போட முடியும், இவர்களுடையது அஞ்சல்வழி, பகுதிநேரப் படிப்பு என்று காரணம் சொல்லி அந்தப் பள்ளி சேர்க்க மறுத்தது. ஐந்து வருடம் படித்து, கட்டணம் கட்டி, பாஸ் செய்து, வாசலில் நிற்க வேண்டிய நிலை. மாணவர்கள் வழக்கு, மனு, நாடாளுமன்றம் என்று வருடக்கணக்கில் அலைந்தார்கள். கடைசியில் 2018-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அதன் பிறகுதான் இரண்டு கதவும் திறக்க வழி பிறந்தது. அந்தத் திருத்தத்தில் கையெழுத்துப் போட்டவர், அப்போது தேர்தலில் வென்று குடியரசுத் தலைவராக இருந்த அதே புகாரி.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: கிடைக்கும், அரசாங்கம் அந்தப் பட்டத்துக்குப் பின்னால் நின்றால். நிற்காத இடத்தில் எவ்வளவு நல்ல வீடியோ பாடம் போட்டாலும் பிள்ளையின் உழைப்பு வீண்தான்.

கேள்வி: நாங்கள் ரீசார்ஜ் போட்டால் தினம் ஒன்றரை ஜிபி வருகிறது, அதிலேயே லெக்சர் பார்க்கப் போதவில்லை. அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள்?
(பொறியியல் மாணவர், கோவை)

கஷ்டப்பட்டுத்தான். ஆப்பிரிக்காவில் 100 பேரில் 40-க்கும் குறைவானவர்களே இணையம் பயன்படுத்துகிறார்கள். வருமானத்தோடு ஒப்பிட்டால் டேட்டா விலை உலகத்திலேயே மிக அதிகமான பகுதிகளில் அதுவும் ஒன்று. சஹாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடிப் பேர் வீட்டில் மின்சாரமே இல்லை. போனுக்குச் சார்ஜ் போடவே கடைக்குப் போய்க் காசு கொடுக்கிற ஊர்கள் இருக்கின்றன.

2020-இல் தென்னாப்பிரிக்காவில் ஊரடங்கு வந்தபோது பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாதம் 30 ஜிபி இலவசமாகக் கொடுத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறதா? அதில் பகலுக்கு 10, மீதி 20-ம் நள்ளிரவுக்கு மேல்தான் வேலை செய்யும். ஒரே அறையில் அஞ்சாறு பேர் படுத்திருக்கிற வீட்டில், ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வீடியோ டவுன்லோடு போடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் மின்வெட்டுக்குப் பேர் போன நாடு.

போதாததற்கு 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் நாட்டுக் கடலுக்கடியில் நாலு இணையக் கேபிள்கள் ஒரே நேரத்தில் பழுதாகி மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இணையம் படுத்துவிட்டது. அதனால்தான் அங்கே விவரம் தெரிந்த ஆசிரியர்கள் நேரலை வகுப்பை நம்பி மட்டும் பாடம் நடத்துவதில்லை. சின்ன பிடிஎஃப், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு, ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடுகிற பாடம், இப்படித்தான் தயார் செய்கிறார்கள். பார்க்கப் பகட்டாக இருக்காது, பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது செனகல் செய்த ஏற்பாடு. தலைநகர் டாக்கரில் உள்ள பல்கலைக்கழகம் கூட்டத்தில் திணறியதால் 2013-இல் ஒரு மெய்நிகர் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். மாணவர்களுக்குக் கணினியும் இணைய இணைப்பும் கிடைக்க வழி செய்ததோடு, வெளியூர்களில் திறந்த டிஜிட்டல் கூடங்கள் என்று மையங்களையும் வைத்தார்கள். கணினி, நெட், உட்கார நாற்காலி, பக்கத்தில் இன்னொரு மாணவர், தேர்வு எழுத ஓர் இடம். கிராமத்துப் பெண் டாக்கரில் வீடு வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை, பக்கத்து டவுனுக்குப் போனால் போதும்.

கேள்வி: கலாம் ஐயா ஆப்பிரிக்காவுக்கு ஏதோ செயற்கைக்கோள் திட்டம் கொடுத்தாரே, என்ன ஆயிற்று?
(வாசகர், ராமேஸ்வரம்)

உங்கள் ஊர்க்காரர் பெயர் டாக்கரிலும் நைரோபியிலும் நன்றியோடு சொல்லப்பட வேண்டிய ஒன்று. 2004-இல் ஜொகனஸ்பர்க்கில் அனைத்து ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது கலாம் இந்த யோசனையை வைத்தார். இந்தியப் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனைகளையும் செயற்கைக்கோள், ஃபைபர் வழியாக ஆப்பிரிக்க நாடுகளோடு இணைப்பது. 2009 பிப்ரவரியில் தொடக்க விழா நடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. செனகலில் தரை நிலையம் வைத்தார்கள். பாடம் நடத்திய பல்கலைக்கழகங்களில் நம் சென்னைப் பல்கலைக்கழகமும் உண்டு. டாக்கரில் மாலை 5 மணி என்றால் சென்னையில் இரவு பத்தரை, இந்த நேர வித்தியாசத்தையெல்லாம் சமாளித்துத்தான் நடத்தினார்கள். 2019-இல் அதன் அடுத்த கட்டம் இணையதளம் வழியாக, உதவித்தொகையோடு தொடங்கியது.

இதற்கு முன்பே 1997-இல் உலக வங்கி ஆப்பிரிக்க மெய்நிகர் பல்கலைக்கழகம் என்று ஒன்றைத் தொடங்கி அமெரிக்கப் பாடங்களைச் செயற்கைக்கோளில் அனுப்பிப் பார்த்தது. பிறகு அது நைரோபிக்கு இடம் மாறி ஆப்பிரிக்க அரசுகளின் கைக்கு வந்தது. நல்ல நோக்கம்தான் இரண்டும். ஆனால் பாடம் வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்தால் மாணவர் சந்தேகம் கேட்க ஆள் தேட வேண்டியிருக்கிறது, அந்த ஊர் ஆசிரியர்கள் வளர்வதும் தள்ளிப்போகிறது.

கேள்வி: இலவசமாகத்தான் எத்தனையோ கோர்ஸ் நெட்டில் கிடக்கிறதே, அதுவே போதாதா?
(வாசகர், ஓசூர்)

போதாது. சேருகிறவர்களில் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், இது எல்லா நாட்டிலும்தான். முடித்தாலும் அது பட்டம் ஆகாது.

கேள்வி: நான் அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவள். ஆப்பிரிக்காவில் முகாம்களில் இருப்பவர்களுக்கு இந்த இணையவழிப் படிப்பு எட்டுகிறதா?
(வாசகி, கும்மிடிப்பூண்டி)

எட்டத் தொடங்கியிருக்கிறது, தங்கை. ருவாண்டாவின் மேற்கே மலை மேல் கிசிபா என்று ஒரு முகாம். 1996-இலிருந்து காங்கோவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் கெப்ளர் என்ற அமைப்பு அங்கேயே வகுப்பு தொடங்கியது. அப்போது பட்டம் கொடுத்தது அமெரிக்காவின் சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம், பாடம் ஆன்லைனில், ஆனால் முகாமிலேயே தினமும் கூட இருந்து வழிகாட்ட ஆசிரியர்கள். ஒரே நாளில் எழுதி முடிக்கும் தேர்வு கிடையாது, செய்து காட்ட வேண்டிய பணிகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போனார்கள். கென்யாவின் தடாப் முகாமிலும் கனடாவின் யார்க், கென்யாவின் கென்யாட்டா, மோய் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2013-இலிருந்து படிப்பு நடத்தின. அதில் படித்தவர்கள் பலர் முகாம் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர்களே.

உலகம் முழுக்க அகதிகளில் உயர்கல்வியில் இருப்பவர்கள் ஒரு காலத்தில் 100-க்கு ஒன்று என்றிருந்தது, பிறகு 7 வரை ஏறியது. 2030-க்குள் 15 ஆக்க வேண்டும் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் சொல்கிறது. எனக்கு அதுவும் குறைவாகத்தான் படுகிறது. முகாமில் இருக்கிற பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் குடிதண்ணீர் வரிசையில் நிற்கிற வேலை போனால்தான் படிப்பு, அதையும் சேர்த்து யோசிக்கிறவர்கள் திட்டம் போட வேண்டும்.

கேள்வி: நைரோபியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீஸ் டிரைவர் டிகிரி படிக்க ஆசைப்படுகிறார், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எதில் சேரச் சொல்வது?
(திருச்சிக்காரர், கென்யா)

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கென்யத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2023 ஆகஸ்டில்தான் சாசனம் கொடுத்தார்கள், டேட்டா சயின்ஸ், சைபர் பாதுகாப்பு மாதிரிப் பாடங்களெல்லாம் இருக்கின்றன. எதில் சேர்ந்தாலும் முதலில் அந்தக் குறிப்பிட்ட பாடத்துக்கு, பல்கலைக்கழகத்துக்கு மட்டுமில்லை, பாடத்துக்கு, கென்யாவின் பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேர்வு எங்கே நடக்கும், போனிலேயே எழுதலாமா, லேப்டாப் கட்டாயமா என்று சேருவதற்கு முன்பே கேட்கட்டும். கட்டணத்தைத் தவணையில் எம்-பெசாவில், அதாவது போன் வழிப் பணத்தில், கட்ட முடியுமா என்பதையும். முதல் செமஸ்டரில் பாடங்களைக் குறைத்து எடுப்பது நல்லது, வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவர்கள் கழன்றுகொள்வது பெரும்பாலும் அப்போதுதான்.

உங்களால் ஆகக்கூடியது ஒன்று இருக்கிறது தம்பி. நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது அவர் வண்டியில் சும்மாதானே காத்திருப்பார், ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டை அவருக்குக் கொடுத்து உள்ளே ஒரு மேசையும் காட்டுங்கள். தேர்வு வாரத்தில் சம்பளத்தோடு லீவு கொடுக்க உங்கள் மேனேஜரிடம் இப்போதே பேசி வையுங்கள்.