சென்டிமீட்டர் பேட்டர்னை இஞ்சுக்கு மாற்றினால் பிளாக்குகள் ஏன் பொருந்துவதில்லை?

கேள்வி: என்னிடம் உள்ள குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை) பேட்டர்னில் எல்லா அளவும் சென்டிமீட்டரில் இருக்கிறது. என் ஸ்கேலும் கட்டிங் மேட்டும் இஞ்சில். ஒவ்வொரு துண்டின் அளவையும் 2.54-ஆல் வகுத்து, அருகிலுள்ள 1/8 இஞ்சுக்குத் திருத்தி வெட்டினேன். ஒன்பது சின்னச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்த பிளாக், அதன் பக்கத்தில் வரும் ஒற்றைத் துணிச் சதுரத்தைவிடப் பெரிதாக வருகிறது. பிரித்துத் தைத்தும் சரியாகவில்லை. எங்கே தவறு? உடை தைக்கும்போதும் இதே கணக்குதானா?

பதில்: நீங்கள் வகுத்த எண் சரி. 1 இஞ்ச் என்பது 2.54 செ.மீ.; 1959 முதல் சர்வதேச அளவில் அப்படியே வரையறுக்கப்பட்டிருக்கிறது, தோராயம் அல்ல. தவறு, எதை வகுத்தீர்கள் என்பதில் இருக்கிறது. வெட்டும் அளவு என்பது தைத்து முடித்தபின் கண்ணுக்குத் தெரியும் அளவும் இரண்டு பக்க மார்ஜினும் (தையலுக்கு அப்பால் உள்ளே மறையும் ஓரத் துணி) சேர்ந்தது. பேட்டர்ன் 0.75 செ.மீ. மார்ஜினில் போடப்பட்டிருக்கும், நீங்கள் தைப்பதோ கால் இஞ்சில், அதாவது 0.635 செ.மீ.யில். மொத்தத்தை வகுக்கும்போது இந்த வித்தியாசம் துணிக்குள் ஒளிந்துகொள்கிறது.

உங்கள் பிளாக்கையே எடுத்துக்கொள்வோம். சின்னச் சதுரம் தைத்தபின் 3 செ.மீ., பெரியது 9 செ.மீ. என்று வைத்தால், வெட்டும் அளவு 4.5 செ.மீ., 10.5 செ.மீ. முதலாவதை வகுத்தால் 1.77, திருத்தினால் 1 3/4 இஞ்ச். இரண்டாவது 4.13, அதாவது 4 1/8 இஞ்ச். கால் இஞ்ச் பிடித்துத் தைத்ததும் சின்னது 1 1/4 இஞ்ச் ஆகும். மூன்று சேர்ந்தால் 3 3/4. பெரியது 3 5/8. ஒரு பிளாக்குக்கு ஒரு நூல், அதாவது 1/8 இஞ்ச், இடிக்கிறது. இழுத்துப் பொருத்தினால் சுருக்கம் விழும். குறை வெட்டில் இருப்பதால், தையலை எத்தனை முறை பிரித்தாலும் அது போகாது.

வெட்டிய துணியை வீணாக்க வேண்டாம். ஒன்பது சதுர பிளாக், மார்ஜினோடு சேர்த்து இப்போது 4 1/4 இஞ்ச் இருக்கும். நடுச் சதுரத்தை மையமாக வைத்து நான்கு பக்கமும் 1/16 இஞ்ச் சீவினால் 4 1/8 வந்துவிடும். வெளிச் சதுரங்கள் அரை நூல் குறைவதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். பேட்டர்னின் வெட்டும் அளவிலிருந்து இருபக்க மார்ஜினையும் முதலில் கழித்துவிடுங்கள். மிஞ்சும் அளவுகளில் மிகச் சிறியதை மட்டும் இஞ்சுக்கு மாற்றி, வசதியான பின்னத்துக்குத் திருத்துங்கள். மற்ற துண்டுகள் பெரும்பாலும் அதன் மடங்குகளாகத்தான் இருக்கும். அவற்றைத் தனித்தனியாக வகுக்காமல் அந்த அடிப்படை அளவைப் பெருக்கிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒவ்வொன்றிலும் அரை இஞ்ச் கூட்டுங்கள். மேலே சொன்ன பிளாக்கில் 3 செ.மீ.க்கு 1 1/4 இஞ்ச் என்று முடிவெடுத்தால் 9 செ.மீ.க்கு 3 3/4. வெட்டுவது 1 3/4, 4 1/4. எல்லாம் பொருந்தும். ஆனால் குயில்ட் முழுவதும் சுமார் 6 சதவீதம் பெரிதாகும், 90 செ.மீ. அகலம் 95 செ.மீ.யைத் தாண்டும். துணியும் சுமார் 12 சதவீதம் கூடுதலாக வேண்டும். பார்டர், பைண்டிங் (ஓரத்தை மூடும் பட்டை), பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு) எல்லாவற்றுக்கும் புது அளவையே கணக்கில் எடுங்கள். அளவு மாறவே கூடாது என்றால் மாற்றாதீர்கள்: ஒரு சென்டிமீட்டர் ஸ்கேல் வாங்கி, 0.75 செ.மீ. மார்ஜினிலேயே தைப்பதுதான் நல்லது. பாதி இதில், பாதி அதில் என்று கலப்பதுதான் மோசம். 0.75 செ.மீ.க்கு வெட்டியதைக் கால் இஞ்சில் தைத்தால் ஒவ்வொரு இணைப்பிலும் 2.3 மி.மீ. கூடும், ஒரு வரிசையில் பத்துத் துண்டு இருந்தால் 2 செ.மீ.க்கு மேல் நீண்டுவிடும்.

முக்கோணங்கள் வரும் பிளாக்கில் இன்னும் கவனம் தேவை. ஒரு சதுரத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு முக்கோணம் எடுக்க, முடித்த அளவோடு 7/8 இஞ்ச் கூட்ட வேண்டும். மூலைவிட்டப் பக்கத்துக்கும் மார்ஜின் வேண்டியிருப்பதால் வரும் எண் இது: மார்ஜினை 3.414-ஆல் பெருக்கினால் 0.85 இஞ்ச், அதைச் சற்றே ஏற்றி 7/8 ஆக்குகிறார்கள். 0.75 செ.மீ. மார்ஜினில் அதே பெருக்கல் 2.56 செ.மீ. தரும். எனவே மெட்ரிக் பேட்டர்னில் உள்ள அந்தக் கூட்டலை வகுத்து எடுக்காதீர்கள். முடித்த அளவை மாற்றி, 7/8 இஞ்சைப் புதிதாகக் கூட்டுங்கள். நான்கு முக்கோணம் எடுக்கும் சதுரத்துக்கு 1 1/4 இஞ்ச்.

தசமத்தைப் பின்னமாக்குவது எளிது. புள்ளிக்குப் பின்னுள்ளதை 8-ஆல் பெருக்குங்கள். வருவது எத்தனை நூல் என்று சொல்லும். 37 செ.மீ. வகுத்தால் 14.567, 0.567 × 8 = 4.5. நாலரை நூல், அதாவது 14 9/16 இஞ்ச்.

கணக்கு சரியாக இருந்தும் பொருந்தாவிட்டால் மெஷினின் ஃபுட்டை (ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) சோதியுங்கள். எல்லா ஃபுட்டின் ஓரமும் ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளி இருக்காது. 1 1/2 இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, அயர்ன் செய்து நடுப்பட்டையை அளங்கள். சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் மார்ஜின் அதிகமாகப் பிடிக்கிறீர்கள். நூலும் துணி மடிப்பும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்வதால், கால் இஞ்சைவிட ஒரு மயிரிழை குறைவான மார்ஜினில் தைப்பதே சரியான அளவைத் தரும். தையல் நீளம் 2.5 மி.மீ. என்றால் ஓர் இஞ்சில் ஏறக்குறைய 10 தையல். துண்டு இணைக்க 2 மி.மீ. நல்லது, இஞ்சுக்கு 12, 13 தையல் விழும்.

உடைக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டாம், ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, 2.5 செ.மீ. ஓர் இஞ்ச் என்று வைத்துக்கொள்வது. 98 செ.மீ. மார்புச் சுற்று உண்மையில் 38.6 இஞ்ச், 2.5-ஆல் வகுத்தால் 39.2 வரும். அரை இஞ்சுக்கு மேல் தொளதொளக்கும். மற்றொன்று, கால் பங்கு அளவைத் திருத்துவது. 24.5 செ.மீ.யை 9 1/2 இஞ்ச் என்று எழுதினால் நான்கு பங்கு சேர்ந்து 38 இஞ்ச்தான், உடை இறுகிவிடும். முழுச் சுற்றை மாற்றி, பிறகு நாலால் வகுங்கள். 1.5 செ.மீ. மார்ஜின் உள்ள உடைப் பேட்டர்னுக்கு 5/8 இஞ்ச் பிடித்தால் போதும். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

டேப்பையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். 50 இஞ்ச் என்பது துல்லியமாக 127 செ.மீ. மேசையில் 127 செ.மீ. குறித்து, டேப்பைத் திருப்பி இஞ்ச் பக்கத்தால் அளந்தால் 50 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் புது டேப் வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போனாலும், பழைய துணி டேப் இழுபட்டிருக்கலாம் என்பதால் இரும்பு ஸ்கேலோடும் ஒப்பிடுங்கள். பேட்டர்னை பிரின்ட் எடுத்தால் அதிலுள்ள சோதனைச் சதுரம் 10 செ.மீ.யா 4 இஞ்சா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல, 1.6 மி.மீ. இடைவெளி உண்டு. அளவு ஒத்துவராவிட்டால் பக்கத்துக்கு ஏற்பச் சுருக்கும் வசதியை நிறுத்தி, 100 சதவீதத்தில் மறுபடி எடுங்கள்.

துணி வாங்கும்போது 1 கெஜம் 91.44 செ.மீ., 1 மீட்டர் 39.37 இஞ்ச். 3 கெஜம் என்று இருந்தால் 2.75 மீட்டர் வாங்குங்கள். துவைத்தால் சுருங்கும் பருத்தியாக இருந்தால் 3 மீட்டராகவே எடுத்து, துவைத்து உலர்த்திய பிறகு வெட்டுங்கள்.